தாய்மையும் தைமஸ் சுரப்பியும்

"பிள்ளைத்தாய்ச்சி உடம்பு ஊசியைத் தாங்குமா?" பதுளையிலிருந்து பசறைக்கும் லுணுகலைக்கும் செல்லும் மலைப்பாதையோரத் தோட்ட லயங்களில், பாட்டிமார் இவ்வாறு அஞ்சிக் கேட்பதுண்டு. அவ்வச்சத்தை நாம் நகைத்து ஒதுக்குதல் முறையன்று. கருப்பக் காலத்தில் பெண்ணின் நோயெதிர்ப்பாற்றல் மாறுதலடைவது உண்மையே. ஆயினும் மாறுதல் வேறு, அழிவு வேறு. அவ்வேறுபாட்டை ஈண்டு நோக்குவோம்.

நெஞ்செலும்பின் பின்னால், இதயத்திற்குச் சற்று மேலே இருப்பது தைமஸ் சுரப்பி. குழந்தைப் பருவத்தில் பெரிதாயிருந்து, பருவமெய்தியபின் படிப்படியாகச் சுருங்குவது. நெடுங்காலம் இதனைப் பயனற்ற உறுப்பென்றே எண்ணினர். 1961ஆம் ஆண்டில் ஜாக் மில்லர் என்னும் அறிஞர், பிறந்த எலிக்குஞ்சுகளிலிருந்து இதனை அகற்றிப் பார்த்தார். அவை நோய்க்கு எளிதில் இரையாயின. வேற்றெலியின் தோலை ஒட்டியபோதும் அதனை எதிர்க்கவில்லை. தைமஸின் பெருமை அன்று புலனாயிற்று.

இச்சுரப்பியை ஒரு பள்ளிக்கூடத்திற்கு ஒப்பிடலாம். எலும்பு மச்சையில் தோன்றும் இளங்கலங்கள் இங்கு வந்து பயில்கின்றன. பகைவனை அறியாதனவும், சொந்த உடலையே தாக்க முற்படுவனவும் பெரும்பாலும் அழிக்கப்படுகின்றன. தேறியவையே 'ரீ கலங்கள்' என்னும் காவற்படையாய்க் குருதியிற் கலக்கின்றன.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. கருவிலுள்ள குழந்தையின் பாதி தந்தையின் வழியது. அத்தந்தையின் தோலைத் தாயின் உடலில் ஒட்டினால் அவளுடல் அதனைத் தள்ளிவிடும். அங்ஙனமாயின், குழந்தையைப் பத்து மாதம் தாங்குவது எவ்வாறு? 1953ஆம் ஆண்டில் பீற்றர் மெடவார் இவ்வினாவை எழுப்பினார்.

விடையின் ஒரு பகுதி ஓமோன்களில் உள்ளது. முதலிற் சூலகமும், பின்னர் நஞ்சுக்கொடியும் சுரக்கும் புரொஜெஸ்தரோன் பெருகும்போது தைமஸ் சுருங்குவதை எலிகளிற் கண்டுள்ளனர். புதிய படைவீரரின் வரவு குறைகிறது. அதே வேளையில், பிற வீரரை அடக்கி அமைதி காக்கும் 'ஒழுங்காக்கும் கலங்கள்' மிகுகின்றன. இக்கலங்களைக் கண்டறிந்த ஷிமோன் சகாகுச்சிக்கும் வேறிருவருக்கும் 2025இல் நோபெல் பரிசு கிடைத்தது.

தைமஸிலுள்ள 'ராங்க்' என்னும் புரதமே, ஓமோனின் தூண்டுதலால், கருப்பகாலத்தில் இக்கலங்களைப் பெருக்குகிறதென ஜோசப் பெனிங்கர் குழுவினர் 2020இல் வெளியிட்டனர். தைமஸில் அப்புரதமற்ற எலிகளிற் கருக்கள் அழிந்தன. கருப்பகால நீரிழிவு போன்ற நிலையும் தோன்றியது.

இவற்றால் நாம் அறிய வேண்டியவை இரண்டு. ஒன்று, முன்னரே தேறிய வீரர்கள் குருதியில் இருந்துகொண்டேயிருக்கின்றனர். ஆகவே கருவுற்ற தாயின் உடல் தடுப்பூசியின் பாடத்தைக் கற்கவல்லது. ஏற்புவலித் தடுப்பூசியால் அவளிடம் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியே சிசுவையும் காக்கிறது. தாய்சேய் ஏற்புவலியை நம் நாடு உள்ளிட்ட தென்கிழக்காசிய வலயம் ஒழித்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தமைக்கு இவ்வூசி பெருந்துணையாயிற்று. ஆனால் உயிருள்ள கிருமி கலந்த ருபெல்லா ஊசியைக் கருவுறுமுன்பே பெறல் வேண்டும். பாட்டிமாரின் அச்சம் அவ்வளவிற் பொருந்தும்.

மற்றொன்று, சில நோய்கள் கர்ப்பிணியைக் கடுமையாகத் தாக்கும். 2009ஆம் ஆண்டின் உலகளாவிய இன்புளுவென்சாவில் இது தெளிவாயிற்று. நோயெதிர்ப்பின் மாறுதலுடன், வளரும் கருவால் நுரையீரலும் இதயமும் தாங்கும் சுமையும் அதற்குக் காரணமாம்.

ஊவா மலைகளில் வடகீழ்ப் பருவமழை பெய்யுங்கால், கொழுந்துக் கூடையைச் சுமக்கும் கர்ப்பிணி காய்ச்சலை மறைத்து மலையேறுதல் கூடாது. 'அரைப்பேர் விழுந்துவிடுமே' என்னும் கவலையை நாம் அறிவோம். ஆயினும், கொத்தமல்லிக் கஷாயத்தோடு காத்திராமல் அன்றே அவளை வைத்தியரிடம் அழைத்துச் செல்வது கணவன், மாமியார் ஆகியோரின் கடமையாகும். இழந்த பேரை மறுநாள் தேடிக்கொள்ளலாம். இழந்த உயிரைத் தேட இயலுமோ?