எந்தக் கோழி தூயது?

பஸரா, கூஃபா ஆகிய பெருநகரங்களில் ஆளுநர் பொறுப்பு வகித்தவர் நபித்தோழர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள். ஒருநாள் அவர்கள் முன்னிலையில் கோழிக்கறி பரிமாறப்பட்டது. கூடியிருந்தவர்களுள் செந்நிற மேனியர் ஒருவர் மட்டும் உணவை அணுகாமல் ஒதுங்கி அமர்ந்தார். அபூமூஸா (ரலி) அவரை அருகே அழைத்து, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கோழிக்கறி உண்டதைத் தாமே கண்டதாகக் கூறினார்கள். அம்மனிதரோ, கோழி எதையோ தின்னக் கண்டு அருவருப்புற்றதாகவும், இனி அதனை உண்பதில்லை என்று சத்தியமே செய்துவிட்டதாகவும் சொன்னார். சத்தியம் செய்தபின் அதனினும் சிறந்தது தென்பட்டால், சிறந்ததையே செய்து, சத்தியத்திற்குப் பரிகாரம் நிறைவேற்றிவிட வேண்டும் என்னும் நபிவழியை அபூமூஸா (ரலி) அவருக்கு விளக்கினார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

கோழி எதைத் தின்றது என்ற கேள்வி நேற்று முளைத்ததன்று என்பதை இதிலிருந்து நீங்கள் உணரலாம். மலம் முதலான அசுத்தங்களையே பெரும்பாலும் தின்று திரியும் பிராணிக்கு அரபியில் 'ஜல்லாலா' என்று பெயர். அதன் இறைச்சியையும் பாலையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிப்பது அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ளது. அவ்வாறு மேய்ந்த கோழியை 3 நாள் அடைத்து வைத்த பின்னரே இப்னு உமர் (ரலி) அறுப்பார்களாம். எங்கள் வீட்டில் உம்மும்மா எந்த நூலையும் படித்தவரல்லர். ஆயினும் தெருவில் திரிந்த கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, நொய்யும் கம்பும் போட்டு, மூன்று நாள் கழித்தே மோதினாரிடம் கொடுத்தனுப்புவார். ஆகவே, வெளியில் மேய்ந்தது என்பதாலேயே ஒரு கோழி தூயதாகிவிடாது. கூண்டில் வளர்ந்தது என்பதாலேயே அசுத்தமானதாகவும் ஆகிவிடாது.

மனிதர்களே, பூமியிலுள்ளவற்றில் ஆகுமானதையும் தூயதையும் உண்ணுங்கள் என்று அழைக்கின்றது அருள்மறை (2:168). 'ஹலால்', 'தய்யிப்' என்று இரண்டு சொற்கள் அங்கே அருகருகே நிற்கின்றன. நாமோ முதற்சொல்லைக் கடைப்பலகையில் எழுதித் தொங்கவிட்டதோடு இரண்டாவதை மறந்துவிட்டோம். அதனை இன்று பிறர் எடுத்துக்கொண்டு, வேறு பெயர்களில் விலைக்கு விற்கின்றனர்.

நம் பிள்ளைகள் பலர் அமெரிக்காவில் குடியேறியுள்ளனர். அவர்களிடம் சென்று தங்கிவரும் பெற்றோர் அங்குள்ள பெருங்கடைகளில் திகைத்து நிற்பது உண்டு. ஒரு பொட்டலத்தில் 'ஆர்கானிக்' என்றிருக்கும், மற்றொன்றில் 'ஃப்ரீ ரேஞ்ச்', வேறொன்றில் 'கோஷர்', எதுவும் எழுதாத சாதாரணக் கோழி மலிவாகக் குவிந்து கிடக்கும். இவற்றுள் எதை வாங்குவது? இவையெல்லாம் ஒரே கேள்விக்கு நான்கு விடைகள் என்று எண்ணுவதே முதற்பிழை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கு விடை.

ஆர்கானிக் என்பது தீனியையும் மருந்தையும் வளர்ப்பையும் பற்றியது. 2002 முதல் நடைமுறையிலுள்ள அந்நாட்டு விதிகளின்படி, குஞ்சு பொரித்த இரண்டாம் நாளிலிருந்தாவது அம்முறையில் வளர வேண்டும். செயற்கை உரமும் பூச்சிமருந்தும் இன்றி விளைந்த தீனியே தரவேண்டும். ஆன்டிபயாடிக் மருந்துகள் கூடா. ஃப்ரீ ரேஞ்ச் என்பதோ, கோழிக்கு வெளியே செல்ல வழி இருந்தது என்பதை மட்டும் சொல்கின்றது. வழி இருந்தது என்பது வேறு, கோழி வெளியே சென்றது என்பது வேறு. அறுக்கும்போது யாருடைய பெயர் மொழியப்பட்டது, கத்தியை எடுத்தவர் யார் என்பன பற்றி இவ்விரண்டும் ஒன்றுமே கூறுவதில்லை. அந்நாட்டின் பெரும் ஆலைகளில் பறவையைத் தலைகீழாக மாட்டி, மின்சாரம் பாயும் நீரில் தலையை அமிழ்த்தி மயக்கி, சுழலும் இயந்திரக் கத்தியில் கழுத்தை அறுப்பதே பெருவழக்கம். கத்தி படுமுன்பே உயிர் போயிருந்தால் அது செத்த பிராணி. எத்துணைத் தூய தானியம் தின்று வளர்ந்திருப்பினும் நமக்கு விலக்கப்பட்டதே.

கோஷர் கோழி சற்று நின்று நோக்கத்தக்கது. யூத மார்க்கச் சட்டப்படி பயிற்சி பெற்ற ஒருவர், பழுதற்ற கூரிய கத்தியால், மயக்க மருந்தோ மின்சாரமோ இன்றி, தம் கையாலேயே அறுக்கின்றார். பின்னர் அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, ஒருமணி நேரம் உப்பிட்டு இரத்தத்தை வடிக்கின்றனர். (அதனால்தான் அக்கோழியைச் சமைக்கையில் உப்பைக் குறைத்துப் போடவேண்டும்.) வேதம் வழங்கப்பெற்றோரின் உணவு உங்களுக்கு ஆகுமானது என்ற திருமறை வசனத்தை (5:5) ஆதாரமாகக் கொண்டு, ஆலிம்கள் பலர் இதனை அனுமதிக்கின்றனர். ஆனால் யூதர் இறைத்துதியை அறுப்பின் தொடக்கத்தில் ஒருமுறை மொழிவதே வழக்கம். ஒவ்வொரு பறவைக்கும் தனியே மொழிவதில்லை. பேணுதலுள்ளோர் இதனைக் கருதித் தயங்குகின்றனர். அருகில் நம்பத்தக்க முஸ்லிம் கடை இருப்பின் அங்கே வாங்குவதே தயக்கத்துக்கு இடமளிக்காதது என்பது என் கருத்து. மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். கோஷர் முத்திரைக்குப் பின்னால், அறுப்பிலிருந்து பொட்டலம் கட்டும்வரை மேற்பார்வை செய்யும் மார்க்கக் கண்காணிப்பாளர் இருக்கின்றார். நம் ஊரில் ஹலால் என்று பலகை மாட்டிய கடைகளுள், கேட்டால் மேற்பார்வை செய்பவரைக் காட்டக்கூடியவை எத்தனை?

நம் தெருவுக்கு வருவோம். இங்கே அத்தனை முத்திரைகள் இல்லை. நாட்டுக்கோழி, பிராய்லர் என்ற இரண்டே பெயர்கள்தாம் பெரும்பாலும் வழங்குகின்றன. பிராய்லருக்கு ஊசி போட்டு ஊதவைக்கிறார்கள் என்ற பேச்சைக் கேளாதவர் இரார். அது உண்மையன்று. ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ எடை வருவது பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனத்தாலும், அதற்கென வகுத்த தீனியாலுமே. வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய்களைத் தடுக்கும் மருந்து கொடுக்கப்படுகிறதே தவிர, வளர்ச்சிக்கு ஊசி போடுவதில்லை. ஆராயாமல் ஒருவரது தொழிலின்மீது பழி சுமத்துவதும் நம் மார்க்கத்தில் பாவமே.

ஆனால் உண்மையான குறைகள் உண்டு. நோயற்ற கோழிக்கும் ஆன்டிபயாடிக் மருந்துகளைத் தீனியில் கலந்து கொடுப்பதால், அம்மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. மனிதருக்குக் கடைசிப் புகலாக வைத்திருக்கும் கோலிஸ்டின் என்னும் மருந்தே பண்ணைகளில் புழங்கியதால், இந்திய அரசு 2019ஆம் ஆண்டில் அதனைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடைவிதிக்க நேர்ந்தது. பண்ணையில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ ஒரு சதுர அடி. விரைந்து பருக்கும் உடலைத் தாங்கமாட்டாமல் கால் நொண்டும் பறவைகளும் உண்டு. இரு சிறகுகளால் பறக்கும் பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று இறைவன் கூறுகின்றான் (6:38). பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியிட்டதற்காக ஒரு பெண் நரகம் புகுந்தாள் என்ற நபிமொழியை ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கின்றோம். அதனைக் கோழிப்பண்ணைக்குப் பொருத்திப் பார்க்கத்தான் நமக்குத் தோன்றுவதில்லை.

நாட்டுக்கோழி என்று கூறி விற்கப்படுவதெல்லாம் நாட்டுக்கோழியுமன்று. கிராமப்பிரியா, வனராஜா ஆகியவை ஐதராபாத்திலுள்ள அரசு ஆராய்ச்சி நிலையம் புறக்கடை வளர்ப்புக்கென உருவாக்கிய இனங்கள். அவற்றை உண்பதில் யாதொரு குறையுமில்லை. ஆயின் அசில், சிறுவிடை என்று சொல்லி அவற்றை விற்பது மோசடி. மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்த தானியக் குவியலில் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்துப் பார்த்து, மோசடி செய்பவன் நம்மைச் சார்ந்தவனல்லன் என்று கடிந்தது இத்தகைய வியாபாரத்தைத்தான்.

இவையெல்லாவற்றையும்விட என் மனத்தை உறுத்துவது அறுக்கும் இடம். ஷாஃபிஈ மத்ஹபின்படி மூச்சுக்குழலும் உணவுக்குழலும் முழுமையாக அறுபட வேண்டும். ஹனஃபி மத்ஹபின்படி, அவ்விரண்டும் இருபுறத்து இரத்த நாளங்களும் ஆகிய நான்கில் மூன்றேனும் அறுபட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் ஒருவர் நிமிடத்துக்கு ஒன்றாக அறுத்துப் பீப்பாயில் எறிகையில் இதையெல்லாம் யார் பார்க்கின்றனர்? துடிப்பு அடங்குமுன் கொதிநீரில் முக்குவதையும் கண்டிருக்கின்றேன். கத்தியைக் கூராக்கி, அறுபடும் பிராணிக்கு எளிதாக்குமாறு கட்டளையிட்ட நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஆட்டின் கண்ணெதிரே கத்தி தீட்டியவரைப் பார்த்து, அதனை இருமுறை சாகடிக்க எண்ணுகின்றாயா என்று அண்ணலார் வினவியதை ஹாகிம் பதிவு செய்துள்ளார். நம் கடைகளிலோ கூண்டும் அறுக்கும் மேடையும் ஒட்டியே இருக்கின்றன. ஒன்று அறுபடுவதை மற்றவை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவும் கூறுவதால், பிராய்லர் வாங்கும் குடும்பத்தை இழித்துரைப்பதாக எவரும் கொள்ளற்க. நாட்டுக்கோழியின் விலை ஏழைக்கு எட்டாதது. மாதச் சம்பளத்தில் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை கறி ஆக்கிப்போட ஒரு தாய்க்கு முடிகிறதென்றால், அது மலிவான பிராய்லரால்தான். முறைப்படி அறுக்கப்பட்ட பிராய்லர் ஹலால், ஐயமில்லை. தீனியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டு, அறுப்பைப் பற்றிக் கேளாமல் விலையுயர்ந்த கோழி வாங்குபவரைவிட அத்தாயின் நிலை மேலானது.

புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய சிலர் கொண்டுவரும் இறைச்சிமீது அல்லாஹ்வின் பெயர் கூறப்பட்டதா என்று தெரியவில்லையே என நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, நீங்கள் அவன் பெயரைக் கூறி உண்ணுங்கள் என்றார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் இச்சலுகை, வீடு வீடாகத் துருவி ஆராய்ந்து விருந்தளிப்பவரை வருத்தாதிருப்பதற்கு. கண்ணெதிரே நடப்பதைக் காணாததுபோல் இருப்பதற்கன்று.

ஆதலின் அடுத்தமுறை கறி வாங்கச் செல்கையில், பணத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடாதீர்கள். மேடையருகே நில்லுங்கள். அறுப்பவர் தொழுகையாளியா, பிஸ்மில்லாஹ் நாவில் இருக்கிறதா, கத்தி கூராக உள்ளதா என்று பாருங்கள். துடிப்பு அடங்கும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். கூண்டுக்கும் மேடைக்கும் இடையே ஒரு சாக்குப் படுதா தொங்கவிடுமாறு கடைக்காரரிடம் இனிமையாகக் கேளுங்கள். அவர் தயங்கினால், வீட்டிலிருக்கும் பழஞ்சாக்கை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.