தியேட்டர் போச்சு... பேரு மட்டும் நிக்குது! பழைய பெரம்பூரை தேடும் மில் தொழிலாளர்கள்

சென்னை:

பெரம்பூர் பக்கம் போகும் பஸ்சில் ஏறி "வீனஸ் ஒண்ணு" என்று கேட்டால் போதும், கண்டக்டர் டிக்கெட் கொடுத்து விடுவார். ஆனால் இறங்கிப் பார்த்தால் வீனஸ் தியேட்டர் இருக்காது. அதில் படம் ஓடி பல வருடங்கள் ஆகி விட்டது. பக்கத்து அயனாவரத்தில் 'சயானி' ஸ்டாப்பும் அதே கதைதான். தியேட்டர் போய்விட்டது, பெயர் மட்டும் மிச்சம்.

வடசென்னையில் வயசானவர்களிடம் வழி கேட்டால் இன்றைக்கும் இல்லாத கட்டடத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறார்கள். புதுசாக குடி வந்தவர்களுக்கு ஒன்றும் புரிவதில்லை.

சரி, இந்த கட்டடங்கள் எல்லாம் ஏன் போயின? பழசாகி இடிந்து விழுந்ததா? இல்லை. அவற்றுக்கு சோறு போட்ட சம்பளம் நின்று போனதுதான் முதல் காரணம்.

காக்கி நெய்த ஊர்

ஒரு காலத்தில் நகரத்துக்கு வெளியே இருந்த புறநகர் பகுதிதான் பெரம்பூர். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே பக்கிங்காம், கர்னாடிக் என்று 2 பஞ்சாலைகள் வந்தன. பிறகு இரண்டும் ஒன்றாகி 'பி அண்ட் சி மில்' ஆனது. ஜனங்கள் வாயில் அது 'பின்னி மில்'. இங்கே நெய்த காக்கித் துணி ராணுவத்துக்கும் போலீசுக்கும் போனது.

பெரம்பூர், ஓட்டேரி, பட்டாளம், புளியந்தோப்பு வீடுகளில் அப்பா, மகன், பேரன் என்று 3 தலைமுறையாக மில்லுக்கு போன குடும்பங்கள் உண்டு. சம்பள நாள் வந்தால் கடைவீதியில் கூட்டம் அலை மோதும். மளிகைக்கடை கடன் நோட்டு அன்றைக்குத்தான் தீரும். அடகுக்கடையில் நகை திரும்பும். மிச்சம் இருந்தால் குடும்பத்தோடு சினிமா. தியேட்டர்கள் வளர்ந்தது இந்த காசில்தான்.

சாப்பாட்டு நேரத்துக்காக பிறந்த சங்கம்

இந்த மில்லுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மதியம் கொடுத்த அரை மணி நேரத்தில் கை கழுவி, சாப்பிட்டு, திரும்ப மிஷினில் நிற்க முடியவில்லை என்பது தொழிலாளர்களின் பெரிய குறை. பெரம்பூரில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும், ராமானுஜலு நாயுடுவும் அவர்களுக்காக ஓடினார்கள். பி.பி.வாடியா தலைவராக, திரு.வி.க. துணைத் தலைவராக 1918 ஏப்ரல் 27-ந்தேதி சென்னை தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் இதுதான் என்கிறார்கள்.

மில் நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. வாடியா மீது ஐகோர்ட்டில் வழக்கு போட்டு தடை உத்தரவு வாங்கியது. சங்கம் வைத்தால் கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்ற நிலைமையை மாற்ற வேண்டும் என்று நாடு முழுவதும் குரல் எழுந்தது. கடைசியில் 1926-ல் தொழிற்சங்க சட்டம் வந்தது. இன்றைக்கு ஆட்டோ ஸ்டாண்டில் பலகை மாட்டி சங்கம் நடத்துகிறோம் என்றால், அதற்கு வழி போட்டது பெரம்பூர் மில் கேட்.

சம்பளம் நின்றது, கடைவீதி படுத்தது

1996-ல் மில் மூடப்பட்டது. வாசல் பூட்டியதும் முதல் அடி கடைவீதிக்கு. கடன் கொடுத்த மளிகைக்காரரும் கஷ்டப்பட்டார். 50 வயதில் வேலை போனவர்கள் வாட்ச்மேன் வேலைக்கும், ரிக்ஷா, ஆட்டோ ஓட்டவும் போனார்கள்.

காலி மில்லுக்குள் கொஞ்ச காலம் சினிமா சூட்டிங் நடந்தது. சினிமாவில் வில்லனும் ஹீரோவும் மோதிய அந்த பாழடைந்த கட்டடம்தான், ஆயிரக்கணக்கானவர்கள் ஷிப்டு பார்த்த இடம் என்பது படம் பார்த்த பலருக்கு தெரியாது. அப்புறம் அதுவும் இடிந்தது. இப்போது அந்த இடத்தில் வானம் தொடும் அடுக்குமாடி வீடுகள்.

தியேட்டர்களும் ஒவ்வொன்றாக விளக்கை அணைத்தன. கடைசியாக விழுந்தது ஸ்ரீ பிருந்தா. 1985-ல் ரஜினிகாந்த் திறந்து வைத்ததால் ஏரியாவில் அதற்கு 'ரஜினி தியேட்டர்' என்றே பெயர். 40 வருடம் ஓடி 2025-ல் மூடப்பட்டது. ஒரே ஸ்கிரீன் வைத்து நூற்றுக்கணக்கான சீட்டை நிரப்புவது இன்றைக்கு கஷ்டம். பக்கத்திலேயே மால் தியேட்டர், கையில் செல்போன். டிக்கெட் வருமானத்தை விட அந்த மனையின் விலை பல மடங்கு. ஓனர் கணக்கு பார்த்தால் விற்கத்தான் தோன்றும்.

ஏன் காப்பாத்த முடியல?

100 வருஷம் ஆன கட்டடத்தை இடிக்க விடுவார்களா என்று பலர் கேட்கிறார்கள். வயசு ஆனதும் தானாக பாதுகாப்பு கிடைத்து விடாது. அரசு அதை பட்டியலில் சேர்த்து அறிவித்தால்தான் உண்டு. தமிழ்நாட்டில் மரபுச்சின்ன ஆணைய சட்டம் 2012-லேயே போட்டாச்சு. ஆனால் நடைமுறைக்கு வந்தது 2024-ல்தான். அதற்குள் மில்லும் இல்லை, வீனசும் இல்லை.

கோவில், கோட்டை, ஐகோர்ட்டு என்றால் எல்லோரும் மரபு என்கிறார்கள். தொழிலாளி வேலை பார்த்த ஷெட்டையும், விசில் அடித்த தியேட்டரையும் யாரும் அப்படி பார்ப்பதில்லை.

இதே பெரம்பூர் பக்கம் ரெயில்வே கட்டடங்கள் நிற்பதை கவனிக்க வேண்டும். 1856-ல் தொடங்கிய ரெயில்வே பணிமனை இருக்கிறது. 1955-ல் நேரு திறந்து வைத்த ஐ.சி.எப். இருக்கிறது. முதல் வந்தே பாரத் ரெயில் 2018-ல் அங்கேதான் தயாரானது. வேலை நடக்கிற இடத்தில் கட்டடமும் நிற்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

அடுத்தது மெட்ரோ

இப்போது பெரம்பூர், அயனாவரம் வழியாக மெட்ரோ ரெயில் சுரங்கப்பணி நடந்து வருகிறது. ரெயில் வந்தால் போக்குவரத்து சுலபமாகும், நல்லதுதான். ஆனால் மனை விலையும் ஏறும். மிச்சம் இருக்கும் பழைய ஓட்டு வீடுகளும், திண்ணை வைத்த கடைகளும் எத்தனை நாள் தாங்கும் என்பது சந்தேகமே.

1970-களின் தொடக்கத்தில் 20 வயதில் மில்லுக்குள் போனவர்களுக்கு இன்று 70 தாண்டி விட்டது. அவர்கள் வீட்டு பெட்டியில் மில் அடையாள அட்டை, சம்பள சீட்டு, சங்க நோட்டீஸ், ஷிப்டு முடிந்து எடுத்த குரூப் போட்டோ இருக்கலாம். பழைய பேப்பர்காரருக்கு போடும் முன் ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள். பழைய நோட்டீஸ், புத்தகங்களை சேர்த்து காப்பாற்ற தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. முக்கியமாக, தாத்தா மில் கதையை ஆரம்பித்தால் "திரும்ப அதேவா" என்று எழுந்து போகாமல் செல்போனில் பதிவு செய்யுங்கள். கட்டடத்தை இனி கட்ட முடியாது. அங்கே என்ன நடந்தது என்று சொல்ல ஆள் இருக்கும் போதே கேட்டுக்கொள்ளலாம்.