பழைய கார் வாங்குமுன் சோதிக்க வேண்டியவை

தனித்தமிழ் வளர்த்த மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு கம்பெனியின் ஐகான் கார் 1999-லும், ஃபிகோ 2010-லும், ஈக்கோஸ்போர்ட் 2013-லும் வெளிவந்தன. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அக்கம்பெனி அறிவித்தது. மறுஆண்டில் அத்தொழிற்சாலையில் கார் செய்யும் வேலை நின்றது. பழுது பார்க்கும் வசதியும் உதிரி பாகங்களும் தொடரும் என்று அப்போதே கூறப்பட்டது. எனினும், உற்பத்தி நின்ற வண்டி என்பதால் வாங்குவோர் விலையைக் குறைத்துக் கேட்பதும், விற்போர் இறங்கி வருவதும் இயல்பே.

விலை குறைவதற்குக் காரணம் உற்பத்தி நின்றது மட்டுந்தானா, அல்லது வண்டிக்குள் மறைந்திருக்கும் பழுதா என்பதைப் பிரித்தறிவதே வாங்குபவரின் முதற் கடமை. கடன் பெற்று வாங்கும் அங்கத்தினருக்கு இது மிகவும் முக்கியம். வண்டி பட்டறையில் நின்றாலும் தவணை நிற்பதில்லை. கீழ்க்கண்ட சோதனைகள் எந்தக் கம்பெனியின் பழைய காருக்கும் பொருந்தும்.

1. எஞ்சின்: குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். நாம் செல்லுமுன் வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் பல குறைகள் மறைந்துவிடும். ஆகையால் காலையில் சென்று, முதலில் பானெட்டின்மேல் கை வைத்துச் சூடு உண்டா என்று அறிக. எண்ணெய் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்க்கையில் எண்ணெய் கறுத்திருப்பது பெருங்குற்றமன்று. பால் கலந்த காப்பி போல் வெளுத்திருந்தால் தண்ணீர் எண்ணெயில் கலக்கிறது என்று பொருள். ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கக்கூடும், அது பெருஞ்செலவு. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டுமே திறக்கலாம். நீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தாலும் அதே சந்தேகந்தான்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டுப் புகையைக் கவனிக்க. குளிர்ந்த காலையில் சிறிது வெண்ணிற ஆவி வந்து மறைவது இயற்கை. சூடேறிய பின்னும் அடர்ந்த வெண்புகை நின்றால் குளிர்நீர் உள்ளே எரிகிறது. நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். டீசல் வண்டியில் ஓயாத கரும்புகை இன்ஜெக்டர் அல்லது டர்போவின் குறையைக் காட்டலாம். ஏ.சி. போட்டு இருபது நிமிஷம் நிறுத்திய இடத்திலேயே ஓடவிடுக. விசிறி தானே சுழன்று நிற்க வேண்டும். வெப்பமானி மேலேறக் கூடாது.

2. டைமிங் பெல்ட்: எஞ்சினின் வால்வுகளும் பிஸ்டன்களும் காலந்தவறாமல் இயங்கும்படி இணைப்பது இதுவே. சில எஞ்சின்களில் இது இரும்புச் சங்கிலி. பல எஞ்சின்களில் ரப்பர்ப் பட்டை. ஓடும்போது பட்டை அறுந்தால், பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வுகளை மோதி வளைத்துவிடும். ரப்பர் ஓடாமல் நின்றாலும் மூப்படையும். ஆகவே, ‘வண்டி அதிகம் ஓடவில்லை’ என்னும் சொல் இங்கே சமாதானமாகாது. கம்பெனிக் கையேட்டில் குறித்த கிலோமீட்டர், ஆண்டு ஆகிய இரண்டில் எது முன்னே வருகிறதோ அப்போதே மாற்ற வேண்டும். மாற்றியதற்கு ரசீது இல்லையெனில், மாற்றவில்லை என்றே கொண்டு அச்செலவை விலையில் கழிக்க. ஈக்கோஸ்போர்ட்டின் ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் இப்பட்டை எண்ணெயிலேயே நனைந்து ஓடுகிறது. தகாத எண்ணெய் ஊற்றினால் பட்டை சிதைந்து, அத்துகள் எண்ணெய் வழியை அடைத்துவிடும்.

3. கிளட்ச், பிரேக், சக்கரம்: மேட்டில் மூன்றாவது கியரில் ஏறும்போது எஞ்சின் இரைந்தும் வேகம் கூடவில்லையெனில் கிளட்ச் தேய்ந்துவிட்டது. பிரேக் மிதி அதிர்ந்தாலும், அழுத்திப் பிடிக்கையில் மெல்ல இறங்கினாலும் பழுதுண்டு. வேகத்தடையில் அடியிலிருந்து ‘டக் டக்’ என ஓசை வந்தால் புஷ், பால் ஜாயின்ட் முதலியவற்றைப் பார்க்க. டயர் ஒரு பக்கமே தேய்ந்திருப்பது சக்கரங்கள் நேராக இல்லை என்பதற்கு அடையாளம். டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்க எண் அதன் வயதைச் சொல்லும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம்.

4. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி: 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னை, தாம்பரம் பகுதிகளில் கார்கள் ஏராளமாக நீரில் மூழ்கின. அவற்றைக் கழுவிப் பூசி விற்பது கடினமன்று. ஸீட் பெல்ட்டை முழுதும் இழுத்துப் பார்த்தால் அதன் அடிநுனியில் சேற்றுக்கறை தெரியலாம். ஸீட்டுக்கடியிலுள்ள திருகுகளின் துருவும், தரைவிரிப்பின் கீழ் நாற்றமும், ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் மண்ணும் உண்மையைச் சொல்லிவிடும். இத்தகைய வண்டியில் மின்கம்பி இணைப்புகள் நாளடைவில் ஒவ்வொன்றாகக் கெடும். எவ்வளவு மலிவாயினும் விட்டுவிடுவதே நலம்.

5. மீட்டரும் விளக்குகளும்: கிலோமீட்டர் எண்ணைக் குறைத்து வைப்பவர்கள் உண்டு. எண் குறைந்தும் மிதியின் ரப்பரும் ஸ்டீயரிங்கும் வழவழவென்று தேய்ந்திருந்தால் சந்தேகிக்க. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியவில்லையெனில் பழுதை மறைக்க அதனைத் துண்டித்திருக்கலாம். மெக்கானிக்கிடம் ஸ்கேனர் கருவி இருந்தால் மாட்டிப் பார்க்கச் சொல்க.

6. தஸ்தாவேஜுகள்: ஆர்.சி.யிலுள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியிலுள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். நிதி நிறுவனக் கடன் நிலுவை தீர்ந்ததற்குச் சான்று கேட்க. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும்; பின்னர் தகுதி பார்த்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டு ஆன வண்டியை வாங்குவோர் இதனையும் கணக்கிடுக.

நூலின் தரம் பார்க்காமல் பாவு ஓட்டும் நெசவாளரும், பல்லைப் பார்க்காமல் மாடு பிடிக்கும் விவசாயியும் இல்லை. காரிலும் அதே விழிப்பு வேண்டும். விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரை, அவருக்குரிய கூலி கொடுத்து, உடன் அழைத்துச் செல்க. அவர் கூறும் பழுதுகளுக்கான செலவைக் காகிதத்தில் எழுதிக் கூட்டி, வண்டி விலையோடு சேர்த்துப் பார்த்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும். சோதிக்க இடங்கொடாத வண்டிக்கு முன்பணம் கொடுப்பது எவ்வகையிலும் தகாது.