மூங்கிலின் வயதும் அதன் நீர்த் தேவையும்



பேராதனைத் தாவரவியற் பூங்காவை மகாவலி கங்கை மூன்று புறமும் வளைத்து ஓடுகின்றது. அதன் கரையோரத்தில் ஏறத்தாழ நூறடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் இராட்சத மூங்கிற் புதர்களைக் காணாது திரும்புவோர் மிகச் சிலரே. அவற்றை அண்ணாந்து பார்த்து வியப்போர் உள்ளத்தில் ஓர் ஐயமும் எழுவதுண்டு. இத்துணைப் பெரிய புதர் எவ்வளவு நீரை உறிஞ்சும்? கிணற்றடியில் மூங்கில் நட்டால் கிணறு வற்றிவிடாதா?

வினா நியாயமானதே. ஆயினும் புதர் முழுவதையும் ஒரே உயிராக எண்ணும்வரை இதற்குச் சரியான விடை கிடைக்காது. ஒரு புதரில் நேற்று முளைத்த குருத்தும் உண்டு. ஈராண்டு நிறைந்த இளங்கழையும் உண்டு. பத்தாண்டு கண்ட முதிர்ந்த கழையும் உண்டு. இவற்றின் நீர்த் தேவை ஒன்றுக்கொன்று வேறுபட்டது. பருவத்துக்குப் பருவமும் அது மாறுகின்றது.

மூங்கில் மரமன்று, புல்லினத்தைச் சேர்ந்தது. மாமரமோ பலாமரமோ ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே போகும். அவ்வாறு பருப்பதற்கு உதவும் மாறிழையம் என்னும் படை மூங்கிலில் இல்லை. மண்ணைவிட்டு வெளிவரும்போதே குருத்து தன் முழுப் பருமனுடன் வெளிவருகின்றது. சில மாதங்களுக்குள் முழு உயரத்தையும் எட்டிவிடுகின்றது. அதன்பின் அது உயர்வதுமில்லை, பருப்பதுமில்லை. இதனால் விளையும் முக்கியமான பயன் ஒன்றுண்டு. மரம் நீரை மேலேற்றும் குழாய்களைப் புதிது புதிதாக ஆக்கிக்கொள்ளும். மூங்கிற் கழையோ முதற் பருவத்தில் அமைந்த குழாய்களைக் கொண்டே தன் வாழ்நாள் முழுவதையும் கழிக்க வேண்டும்.

பேராதனையில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியபின், ஆனி, ஆடி மாதங்களில், இராட்சத மூங்கிலின் குருத்துக்கள் தலைகாட்டும். நன்கு வளரும் குருத்து ஒரே நாளில் ஓரடி அளவுக்கு உயர்வதுண்டு. இவ்வளர்ச்சியை அப்பூங்காவிலேயே அளந்து ஆராய்ந்தவர் லொக் என்னும் தாவரவியலறிஞர். அவருடைய ஆய்வு 1904ஆம் ஆண்டில் பேராதனைப் பூங்காவின் ஆய்வேட்டில் வெளியாயிற்று. வளர்ச்சியின் வேகத்தைப் பெரிதும் நிருணயிப்பது ஈரமே என்பதும், ஈரம் மிகுந்த இராப்பொழுதிலேயே குருத்து விரைந்து வளர்கின்றது என்பதும் அவர் கண்ட உண்மைகள்.

இரவில் வளர்வது ஏன்? பகலில் முதிர்ந்த கழைகளின் இலைகள் நீரை ஆவியாக வெளிவிடுகின்றன. இதனை ஆவியுயிர்ப்பு என்பர். அப்போது வேர்கள் திரட்டும் நீரெல்லாம் இலைகளை நோக்கி இழுக்கப்படுகின்றது. இரவில் அவ்விழுப்பு ஓய்கின்றது. வேரின் அமுக்கத்தினால் நீர் குருத்துக்கு ஏறுகின்றது. அதிகாலையில் குருத்தின் மடல் நுனிகளில் நீர்த்துளி நிற்பதைக் காண்போர் அதனைப் பனியென்று கருதக்கூடும். வேர் மேலேற்றிய நீரே அவ்வாறு கசிந்து நிற்பதுண்டு.

குருத்துக்கு இன்னும் இலை இல்லை. தானே உணவாக்கவும் அதனால் பெரிதும் இயலாது. எனவே நிலத்தடியில் எல்லாக் கழைகளையும் பிணைத்து நிற்கும் வேர்த்தண்டுக்கிழங்கின் வழியாக மூத்த கழைகளே அதனைப் பேணுகின்றன. இதனை அளந்தறிய ஒரு வழியுண்டு. கழையினுள் இரண்டு நுண்ணிய ஊசிகளைச் செலுத்தி, ஒன்றை மின்சாரத்தினால் வெப்பமாக்குவர். ஓடும் நீர் அவ்வூசியை எவ்வளவு குளிரச் செய்கின்றது என்பதைக்கொண்டு நீரோட்டத்தின் வேகத்தைக் கணிப்பர். தென்சீனாவில் இம்முறையில் நிகழ்ந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியாயிற்று. இலை விடாத குருத்தில் நீரோட்டம் இரவில் மிகுந்திருந்தது. அந்நீரில் ஒரு பகுதி அயலிலுள்ள முதிர்ந்த கழைகளிலிருந்து கிழங்கின் வழியே வந்து சேர்ந்தது. இலைகள் விரிந்தபின் இளங்கழையின் நீரோட்டம் பகற்பொழுதுக்கு மாறியது.

இலை விரித்த இளங்கழையே புதரில் மிகுந்த நீர் வேட்கை உடையது. அதன் குழாய்கள் புதியவை, தடையற்றவை. ஓராண்டுக்குட்பட்ட கழையில் அடங்கிய நீரின் எடை, உலர்ந்த நாரின் எடையையும் விஞ்சி நிற்கும். ஆண்டுகள் செல்லச் செல்லக் குழாய்களிற் சில பிசின் போன்ற பொருள்களால் அடைபடுகின்றன, நார் தடித்து இறுகுகின்றது, நீரோட்டமும் தளர்கின்றது. இனி, மழை குன்றி மண் வறளும் மாதங்களில் இலைத்துளைகள் ஒடுங்குவதாலும், இலைகளில் ஒரு பகுதி உதிர்வதாலும், புதர் முழுவதன் செலவுமே குறைகின்றது.

இவற்றையறிந்து நாம் செய்யத்தக்கது யாது? முதலாவதாக, நீர் அரிதான நிலத்தில் கிணற்றுக்கு அண்மையில் மூங்கிலை நடாதிருப்பது நன்று. நீர் குறையாத ஆற்றங்கரையே அதற்கு உகந்த இடம். அங்கே அதன் வேர்கள் கரை மண்ணையும் அரிபடாது காக்கும்.

இரண்டாவதாக, குருத்து வளரும் மழைக்காலத்தில் முதிர்ந்த கழைகளை வெட்டலாகாது. கன்று பாலுண்ணும் காலத்தில் தாய்ப்பசுவை விற்பது போன்ற செயல் அது. வெட்டுண்ட கழையின் விலை கைக்கு வரும். அவ்வாண்டின் குருத்துக்களோ மெலிந்து போகும். மழை ஓய்ந்து குருத்துக்கள் இலைவிட்டபின், மூன்று நான்கு ஆண்டு நிறைந்த கழைகளை மட்டும் தெரிந்து வெட்ட வேண்டும். இறுகிய அக்கழையே வீட்டு வேலைக்கும் உறுதியானது. நீர் நிறைந்த இளங்கழையோ வெட்டி உலர்த்தும்போது சுருங்கும், வெடிக்கும்.

வயதை அறிவது எவ்வாறு எனக் கேட்பீர்கள். இளங்கழையில் மடல்களும் வெண்ணிறப் பொடியும் ஒட்டியிருக்கும். முதிர்ந்ததில் பசுமை மங்கிப் பாசி படரும். இதனினும் எளிய வழி, ஆண்டுதோறும் புதிதாக எழும் கழைகளில் அவ்வாண்டின் எண்ணை வர்ணத்தினால் எழுதிவைப்பதேயாகும். கத்தியை எடுக்குமுன் அந்த எண்ணைப் பார்ப்பவருடைய புதர் ஆண்டுதோறும் பயன் தரும்.