ஒரு படத்துக்கு ஒரு வெள்ளி: முதல் படச்சுருள் கேமராவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

திறன்பேசியில் நூறு படம் எடுத்து, தொண்ணூற்றொன்பதை அழித்துவிடலாம். ஒரு காசு செலவில்லை. படச்சுருள் கேமராவில் அது நடக்காது. 36 படங்கள் கொண்ட வண்ணச் சுருள் ஒன்று 20 வெள்ளி, அதைக் கழுவிக் கணினிக் கோப்புகளாக மாற்றித் தரக் கடையில் 16 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 36 வெள்ளி. ஆக, பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஒரு வெள்ளி போய்விடும். படம் தெளிவாக விழுந்ததா, மங்கிப் போனதா என்பது சுருள் கழுவப்பட்ட பிறகுதான் தெரியும்.

அதனால், படச்சுருளில் படமெடுக்க ஆசைப்படும் மாணவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எந்த கேமரா அழகாக இருக்கிறது?" என்பதன்று. "எந்த கேமரா என் சுருளை வீணாக்காது?" என்பதே. மலிவான தானியங்கி எஸ்எல்ஆர் இதற்கு நல்ல விடை. ஆனால், அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் நல்லதைப் பார்த்து வாங்க முடியும்.

எஸ்எல்ஆர் என்றால் என்ன?

எஸ்எல்ஆர் என்பதை 'ஒற்றை லென்ஸ் பிரதிபலிப்பு' கேமரா எனலாம். லென்ஸ் வழியே வரும் ஒளி, உள்ளே 45 டிகிரி சாய்வாக நிற்கும் கண்ணாடியில் பட்டு மேலே திரும்புகிறது. அங்குள்ள மங்கலான திரையில் காட்சியாக விழுகிறது. அதற்கு மேலுள்ள ஐங்கோணப் பட்டகம் அந்தக் காட்சியை நேராக்கி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. மலிவான கேமராக்களில் பட்டகத்துக்குப் பதில் சில சிறு கண்ணாடிகளே இருக்கும். எடை குறையும்; காட்சி சற்று இருட்டாகத் தெரியும்.

பொத்தானை அழுத்தியதும் சாய்ந்த கண்ணாடி மேலே மடங்குகிறது. சுருளுக்கு முன்னால் உள்ள ஷட்டர் திரை திறந்து மூடுகிறது. கண்ணாடி மீண்டும் கீழே இறங்குகிறது. நீங்கள் எந்த லென்ஸ் வழியே பார்த்தீர்களோ அதே லென்ஸ் வழியேதான் சுருளும் 'பார்க்கிறது' என்பது இதன் சிறப்பு.

பழைய கேமரா, ஆனால் தானியங்கி

1985ல் மினோல்டா நிறுவனம் 7000 என்ற மாதிரியை வெளியிட்டது. குவியம் எனப்படும் ஃபோக்கஸைத் தானே பார்த்துக்கொள்ளும் அமைப்பையும் அதற்கான மோட்டாரையும் உடலுக்குள்ளேயே கொண்டு பெருவெற்றி பெற்ற முதல் எஸ்எல்ஆர் அது. 1987ல் கேனன் தன் இஓஎஸ் வரிசையைத் தொடங்கியது. அதில் மோட்டார் லென்ஸுக்குள் இருந்தது. 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் சாதாரணக் குடும்பங்களுக்கான தானியங்கி எஸ்எல்ஆர்கள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. பிறகு மின்னிலக்க கேமரா வந்தது. கேனன் தனது கடைசிச் சுருள் கேமராவின் விற்பனையை 2018ல் நிறுத்தியது. நிக்கான் 2020ல் நிறுத்தியது. எனவே, இன்று நீங்கள் வாங்கப்போவது பெரும்பாலும் பழைய பொருள்தான்.

இந்தத் தானியங்கிகள் மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சேகரிப்பாளர்கள் தேடுவது 1970களின் உலோக கேமராக்களை. பிளாஸ்டிக் உடல் கொண்ட 1990களின் கேமராவை அலமாரியில் அழகுக்கு வைக்க யாருக்கும் ஆசையில்லை. ஆனால் படம் எடுப்பதில் அது உலோக கேமராவுக்குச் சளைத்ததன்று. சுருளைப் பொறுத்தவரை கேமரா என்பது ஒளி புகாத ஒரு பெட்டி. படத்தின் தரத்தை முடிவு செய்வது லென்ஸும் சுருளும் எடுப்பவரும்தான்.

ஒரு குறையும் உண்டு. உள்ளே மின்சுற்றுப் பலகை பழுதானால் உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. கெட்டால் வேறொன்று வாங்க வேண்டியதுதான். அதனால்தான் உடலுக்கு அதிகம் செலவழிக்கக்கூடாது என்கிறோம்.

கேமரா எடுக்கும் நான்கு முடிவுகள்

ஒவ்வொரு படத்துக்கும் தானியங்கி கேமரா நமக்காக நான்கு வேலைகளைச் செய்கிறது. இவற்றில் ஒன்று தவறினாலும் ஒரு வெள்ளி போச்சு.

முதலாவது, சுருளின் வேகத்தை அறிவது. சுருள் எவ்வளவு ஒளியுணர்வு கொண்டது என்பதை ஐஎஸ்ஓ எண் காட்டும். 400 எண் சுருளுக்கு 200 எண் சுருளைவிடப் பாதி ஒளி போதும். சுருள் குப்பியின் மேல் வெள்ளியும் கறுப்புமாகக் கட்டங்கள் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? 1983ல் கோடாக் கொண்டுவந்த டிஎக்ஸ் குறியீடு அது. வெள்ளிக் கட்டத்தில் மின்சாரம் பாயும், கறுப்பில் பாயாது. கேமராவின் உள்ளே உள்ள சிறு உலோக ஊசிகள் கட்டங்களைத் தொட்டு, மின்சாரம் எங்கே பாய்கிறது என்று பார்த்து, வேகத்தைத் தெரிந்துகொள்கின்றன. பார்கோடு வருடியைப்போல!

இரண்டாவது, ஒளியளவு. லென்ஸின் துளை எவ்வளவு விரிய வேண்டும், ஷட்டர் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதைக் கேமராவின் ஒளிமானி கணக்கிடுகிறது. காட்சியின் வெளிச்சத்தைச் சராசரியாக்கினால் நடுத்தரச் சாம்பல் நிறம் வரும் என்பது அதன் அடிப்படை ஊகம். வெள்ளைச் சீருடை அணிந்த ஒரு வகுப்பையே நிற்கவைத்து எடுத்தால் இந்த ஊகம் பொய்க்கும். "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்துக் கேமரா ஒளியைக் குறைத்துவிடும். சட்டைகள் சாம்பல் பூத்துத் தெரியும். காட்சியைப் பல பகுதிகளாகப் பிரித்து அளக்கும் கேமராக்கள் குறைவாகவே ஏமாறும். கேனன் இஓஎஸ் 300 காட்சியை 35 பகுதிகளாகப் பிரித்து அளக்கிறது. இருந்தாலும், ஒளியை நாமே கூட்டிக் குறைக்கும் வசதி கட்டாயம் இருக்கவேண்டும். வண்ண நெகட்டிவ் சுருள் அதிக ஒளியை ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஒளி குறைந்தால் நிழல் பகுதியில் எதுவும் பதியாது. பதியாததைப் பிறகு எந்தக் கணினியாலும் மீட்க முடியாது.

மூன்றாவது, குவியம். சாய்ந்த கண்ணாடியின் நடுப்பகுதி சிறிதளவு ஒளியை ஊடுருவ விடுகிறது. அந்த ஒளியை இன்னொரு குட்டிக் கண்ணாடி கேமராவின் அடியில் உள்ள உணரிக்கு அனுப்புகிறது. லென்ஸின் ஒரு பக்கம் வழியே வந்த ஒளியும் மறுபக்கம் வழியே வந்த ஒளியும் அங்கே தனித்தனியாக இரண்டு பிம்பங்களாக விழுகின்றன. இரண்டுக்கும் இடையிலான தூரத்தைக் கொண்டு, லென்ஸ் எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று கேமரா கணக்கிட்டுவிடுகிறது. இரண்டு கண்களால் நாம் தூரத்தை உணர்வதைப் போன்றது இது. ஆனால் ஒப்பிடுவதற்குக் கோடோ விளிம்போ வேண்டும். வெறும் வெள்ளைச் சுவரைக் காட்டினால் லென்ஸ் முன்னும் பின்னும் தடுமாறும். அது பழுதன்று.

நான்காவது, சுருளை நகர்த்துவது. ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் மோட்டார் சுருளை ஒரு படத்தின் அகலத்துக்கு நகர்த்தும். இஓஎஸ் 300 இதில் ஒரு தந்திரம் செய்கிறது. சுருளை மாட்டியதும் முழுவதையும் வெளியே இழுத்துவிட்டு, எடுக்க எடுக்கக் குப்பிக்குள் திருப்பி இழுக்கிறது. யாராவது தவறிப்போய்ப் பின்மூடியைத் திறந்தாலும், எடுத்த படங்கள் குப்பிக்குள் பத்திரமாக இருக்கும். புதியவர் கையில் இருக்கவேண்டிய வசதி!

எந்த மாதிரி?

இஓஎஸ் 300 1999ல் வந்தது. மின்கலம் இல்லாமல் 335 கிராம்தான். ஏழு குவியப் புள்ளிகள் உண்டு. வட அமெரிக்காவில் இதன் பெயர் ரெபெல் 2000. ஜப்பானில் கிஸ் 3. மூன்றும் ஒன்றுதான் என்று தெரிந்துகொண்டால் தேடுவது எளிது. 1996ல் வந்த இஓஎஸ் 500என் மாதிரிக்கு மூன்று குவியப் புள்ளிகள். அதுவும் நல்ல கேமராவே.

நிக்கானில் எஃப்65, எஃப்75 ஆகியவற்றைப் பாருங்கள். இவற்றில் ஐஎஸ்ஓ எண்ணைக் கையால் மாற்ற முடியாது. டிஎக்ஸ் குறியீட்டை மட்டுமே நம்பும். குறியீடு இல்லாத சுருளைப் போட்டால் 100 என்றே எடுத்துக்கொள்ளும். கடையில் மறுசுருட்டிய சுருள்களைப் பயன்படுத்த நினைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ளவேண்டும்.

எதை வாங்கினாலும் முழுத் தானியங்கி முறையோடு, துளையை நாமே தேர்வு செய்யும் முறையும் எல்லாவற்றையும் கையால் அமைக்கும் முறையும் இருக்கட்டும். முதல் சுருளைத் தானியங்கியில் எடுத்தாலும், ஐந்தாவது சுருளில் நீங்களே முடிவெடுக்க விரும்புவீர்கள்.

மிச்சப் பணம் லென்ஸுக்கு

இந்த கேமராக்களோடு பொதுவாக வருவது 28 முதல் 80 மில்லிமீட்டர் வரையிலான ஜூம் லென்ஸ். நீட்டிப் பிடித்தால் அதன் துளை எஃப்/5.6 அளவுக்குத்தான் விரியும். 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸோ அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். கணக்கு எளிது: 5.6ஐ 1.8ஆல் வகுத்து, வரும் எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். பள்ளி மண்டபத்தில் ஜூம் லென்ஸுக்கு 1/15 வினாடி தேவைப்படும் இடத்தில், இதற்கு 1/125 வினாடி போதும். கை நடுக்கம் படத்தில் தெரியாது.

வீட்டில் பழைய மின்னிலக்க கேனன் இருந்தால் அதன் லென்ஸைப் பாருங்கள். இஎஃப் என்றிருந்தால் இஓஎஸ் சுருள் கேமராவில் பொருந்தும். இஎஃப்-எஸ் என்றிருந்தால் பொருந்தாது. நிக்கானின் டிஎக்ஸ் லென்ஸ் பொருந்தினாலும் படத்தின் மூலைகள் இருண்டுவிடும். லென்ஸின் டிஎக்ஸ் வேறு, சுருள் குப்பியின் டிஎக்ஸ் வேறு, குழம்பவேண்டாம்.

கடையில் பத்து நிமிடம்

சிங்கப்பூரில் கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள பெனின்சுலா கடைத்தொகுதி பழைய கேமராக்களுக்குப் பெயர்பெற்றது. எங்கே வாங்கினாலும், பெரியவர் ஒருவரை அழைத்துச்சென்று இவற்றைச் சோதியுங்கள்.

1. மின்கலம்: மின்கலம் இல்லாமல் இந்த கேமராக்கள் எதுவும் செய்யா. இஓஎஸ் 300, எஃப்65, எஃப்75 ஆகியவற்றுக்கு இரண்டு சிஆர்2 மின்கலங்கள் வேண்டும். மின்கல அறையில் பச்சை அல்லது வெள்ளைப் பொடி படிந்திருந்தால் வாங்காதீர்கள்.

2. ஷட்டர் திரை: பின்மூடியைத் திறந்து பாருங்கள், விரலால் தொடாதீர்கள். 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த சில இஓஎஸ் மாதிரிகளில், அதிர்வைத் தாங்க வைத்த ரப்பர் போன்ற பொருள் உருகித் திரையில் கறுப்புப் பிசினாக ஒட்டியிருக்கும். அத்தகையதைத் தவிர்த்துவிடுங்கள்.

3. ஷட்டர் வேகம்: மூடி திறந்திருக்கும்போதே ஒரு வினாடிக்கு அமைத்து அழுத்துங்கள். திறந்து, நின்று, மூடவேண்டும். பிறகு 1/1000 வினாடியில் விளக்கை நோக்கி அழுத்துங்கள். ஒளி ஒரு கணம் மின்னவேண்டும்.

4. ஒளிமானி: ஐஎஸ்ஓ 100, துளை எஃப்/16 என அமைத்து, நல்ல வெயில் விழும் புல்தரையை நோக்குங்கள். கேமரா 1/100 வினாடியை ஒட்டிய எண்ணைக் காட்டவேண்டும். 90 அல்லது 125 என்று காட்டினால் சரி. 1000 என்று காட்டினால் வேறு கேமராவைப் பாருங்கள்.

5. குவியம்: அருகில் ஒரு விளிம்பு, தொலைவில் ஒரு பெயர்ப்பலகை என மாறி மாறிக் காட்டுங்கள். ஒவ்வொரு முறையும் காட்சி தெளிந்து, குவியம் கிடைத்ததற்கான அடையாள ஒளி எரியவேண்டும்.

6. லென்ஸ்: பின்னாலிருந்து கைவிளக்கை அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலைபோல் இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும்.

7. வெளிப்புறம்: சில நிக்கான் மாதிரிகளின் பின்மூடியில் உள்ள ரப்பர் பூச்சு பிசுபிசுக்கும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் படத்தைப் பாதிக்காது. விலையைக் குறைத்துக் கேட்க அது நல்ல காரணம்!

இணையம்வழி வாங்கினால், இந்தச் சோதனைகளைக் காட்டும் காணொளியை விற்பவரிடம் கேளுங்கள்.

வாங்கிய பிறகு

நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும். பூஞ்சைக்கு இது சொர்க்கம். கேமராவைத் தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். காற்றுப்புகாத பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருந்தால் போதும். மாதக்கணக்கில் பயன்படுத்தாவிட்டால் மின்கலத்தைக் கழற்றிவிடுங்கள்.

முதல் சுருளை உறவினர் திருமணத்துக்கோ பள்ளிப் பயணத்துக்கோ கொண்டுபோகாதீர்கள். அது சோதனைச் சுருள். கிடைத்தால் 24 படங்கள் கொண்டதை வாங்குங்கள். வெயிலில் சில, நிழலில் சில, வீட்டுக்குள் சில, வெள்ளைச் சுவர் முன் நண்பர் ஒருவர் என எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கேமரா காட்டிய துளை எண்ணையும் ஷட்டர் வேகத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். சுருள் கழுவி வந்ததும் படங்களையும் குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாப் படங்களும் ஒரே மாதிரி இருண்டிருந்தால் ஒளிமானியிலோ ஷட்டரிலோ கோளாறு. கடையில் திருப்பிக் கொடுக்க அப்போதே கிளம்புங்கள். வெள்ளைச் சுவர் படம் மட்டும் இருண்டிருந்தால் கேமராவில் குறையில்லை. அடுத்த முறை அதுபோன்ற காட்சிக்கு ஒளியை ஒரு படி கூட்டுங்கள்.