எரிந்த மாடியும் எஞ்சிய ஏடுகளும்

காணி உறுதி முடிப்பதற்காக நொத்தாரிசிடம் சென்று வந்தோர், அங்கே ஓர் உறுதிக்கு மூன்று பிரதிகள் ஆயத்தமாவதைக் கண்டிருப்பர். ஒன்று காணி உடையவர் கைக்கு வரும். ஒன்று காணிப் பதிவகத்துக்குச் செல்லும். மற்றொன்று நொத்தாரிசின் கட்டிலேயே தங்கிவிடும். ஒரு துண்டு நிலத்துக்கு இத்தனை கடதாசியா என்று முணுமுணுப்பவர்களும் உளர். ஆயின், இடப்பெயர்வுக் காலங்களில் உறுதிப் பெட்டியை வழியிலே தவறவிட்ட எத்தனையோ குடும்பங்கள் பதிவகத்துப் பிரதியைக் காட்டியே தம் காணிக்கு உரிமை கோரின. மூன்று பிரதி, மூன்று இடம் என்னும் அந்தப் பழைய ஒழுங்கை மனத்திற் கொண்டு, தென் கொரியாவில் 2025ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு தீ விபத்தை நோக்குவோம்.

அந்நாட்டின் தேஜொன் நகரிலே, அரசாங்கக் கணினிகள் பலவற்றை ஒரே கூரையின் கீழ் வைத்துப் பராமரிக்கும் தேசியத் தகவல் வள நிலையம் இருக்கிறது. செப்டெம்பர் 26ஆந் திகதி இரவு, ஐந்தாம் மாடியில் இருந்த லிதியம் மின்கலங்களை வேறிடத்துக்கு மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது தீப்பற்றியது. அதனை அணைக்க ஏறத்தாழ 22 மணித்தியாலங்கள் சென்றன. நின்றுபோன அரச முறைமைகள் 647 என்று முதலில் அறிவித்தார்கள். பல நாட்களின் பின் 709 என்று திருத்தினார்கள். முறைமைகளின் பட்டியலைத் தன்னகத்தே வைத்திருந்த முறைமையும் நின்றுபோனவற்றுள் ஒன்றாயிருந்ததே இத்தடுமாற்றத்துக்குக் காரணம். களஞ்சியம் எரிந்தபோது களஞ்சியக் கணக்கும் உள்ளே அகப்பட்டுக்கொண்டது போலாயிற்று.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு ‘ஜீ டிரைவ்’ என்னும் பொதுச் சேமிப்பகத்துக்கு நேர்ந்தது. அரச அலுவலர்கள் தம் கோப்புக்களைச் சொந்தக் கணினியில் வையாது, இச்சேமிப்பகத்திலே வைத்தல் வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு தொடக்கம் நெறிப்படுத்தப்பட்டிருந்தனர். ஆளுக்கு 30 கிகாபைற் இடம். 1,25,000 அளவான அலுவலர்கள் அதனைப் பயன்படுத்தினர். சொற்கேட்டு நடந்தவர்களே அதிகம் இழந்தார்கள். கட்டளையைப் பொருட்படுத்தாது மேசைக் கணினியிலும் ஒரு பிரதி வைத்திருந்தவர்கள் தப்பினார்கள்! முறைப்படி ஒப்புதல் பெற்ற ஆவணங்கள் வேறொரு முறைமையிலும் இருந்தமையால் பிழைத்தன. எஞ்சியவை போயின. மொத்தம் 858 டெரபைற்.

இதற்கு வேறிடத்தில் ஏன் பிரதி இல்லை என்ற வினாவுக்குக் கிடைத்த விடை, கொள்ளளவு மிகப் பெரிது என்பதாகும். இவ்விடத்தில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் மாணவர்களுக்கும் பயன்படும். காந்த நாடா என்றால் பழைய பாட்டுப் பெட்டியை நினைப்போம். ஆயின் இன்றும் பெரும் நிலையங்கள் பிரதி காப்பதற்கு அதையே நம்புகின்றன. எல்.ரி.ஓ. ஒன்பதாந் தலைமுறை நாடாப் பேழை ஒன்று, சுருக்காத நிலையில் 18 டெரபைற் கொள்ளும். அது உள்ளங்கை அளவானது. 858ஐ 18ஆல் வகுத்தால் 48 பேழைகள் போதும். ஓர் அலுமாரித் தட்டில் அடங்கிவிடும். எழுதும் வேகம் விநாடிக்கு 400 மெகாபைற் என்று கொண்டால், ஓர் இயந்திரம் இரவு பகலாக ஓடி முடிக்க 25 நாட்கள் ஆகும். இது எளிய வேலையன்று. பல இயந்திரங்களும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும். எனினும், முதற் பிரதி எடுத்தபின் அன்றன்று மாறியவற்றை மட்டும் சேர்த்தால் போதுமாகையால், செய்யவே இயலாத வேலை என்றும் கூறமுடியாது.

வியப்பு யாதெனில், இப்பாடத்தை உலகுக்குக் கற்பித்த நாடே கொரியாதான். யோசொன் அரசமரபின் வரலாற்று ஏடுகளை அக்காலத்து அறிஞர் நான்கு பிரதிகள் ஆக்கி, நான்கு ஊர்களிலே வைத்திருந்தனர். 1592இல் யப்பானியப் படை புகுந்தபோது மூன்று களஞ்சியங்கள் எரிந்தன. எஞ்சியது ஜொஞ்ஜு நகரத்துப் பிரதி ஒன்றே. ஆன் உயி, சொன் ஹொங்நொக் என்னும் உள்ளூர் அறிஞர் இருவர், பெட்டி பெட்டியாக அவ்வேடுகளை நெஜாங் மலைக்கு ஏற்றி, மாறிமாறிக் காவலிருந்து காத்தனர். போர் ஓய்ந்தபின் அப்பிரதியைக் கொண்டு மறுபடியும் அச்சிட்டு, தலைநகரிலும் எளிதில் எட்டமுடியாத மலைகளிலுமாக ஐந்து இடங்களில் வைத்தனர். அவற்றுள் ஓடே மலைப் பிரதி, பிற்காலத்தில் தோக்கியோவுக்குக் கொண்டுபோகப்பட்டு, 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத் தீயிலே பெரும்பாலும் அழிந்தது. மற்றைய பிரதிகள் இருந்தமையால் வரலாறு அழியவில்லை. 1981இல் நூலகம் எரியக் கண்ட நமக்கு, பிரதியில்லாத ஏடு எரிவது இன்னதென்று எவரும் எடுத்துரைக்கவேண்டியதில்லை.

கொரியாவைக் குறைகூறிவிட்டு நாம் தப்பிவிட முடியாது. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நமது அரசாங்க முகில் கணினிச் சேவை பணயத் தாக்குதலுக்கு உள்ளாகியது. தரவைப் பூட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்கும் கொள்ளைக்கே அப்பெயர். ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. அக்காலத்துக்குப் பிரதி இருக்கவில்லை. அங்கே பயன்பாட்டில் இருந்த மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவை அதனை ஆக்கிய நிறுவனம் அவ்வாண்டு ஏப்பிரிலிலேயே நிறுத்திவிட்டது. புதுப்பிக்கும் எண்ணம் 2021 தொடக்கம் இருந்ததாகவும், நிதிக் குறைவு முதலியவற்றால் தாமதித்ததாகவும் பொறுப்பாளர்கள் விளக்கினர்.

இவ்விடத்திலேதான் ‘பெறுகை’ என்று நம் திணைக்களங்கள் கூறும் கொள்முதல் விவகாரம் முன்னே வருகிறது. சேமிப்புக் கருவி வாங்குவது மூலதனச் செலவினம். அதற்குப் பணம் ஒதுக்கலாம், படம் பிடிக்கலாம், நாடா வெட்டலாம். அதனைப் பத்தாண்டு காலம் பேணுவதற்கான உரிமக் கட்டணமும் ஆட்சம்பளமும் மீண்டெழும் செலவினம். ஆண்டுதோறும் முதலில் வெட்டப்படுவது அதுவே. விலைமனுக் கோரும் பத்திரத்தில் எத்தனை டெரபைற், என்ன வேகம், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்றெல்லாம் நுணுக்கமாகக் கேட்டிருக்கும். நாளை இந்தக் கட்டடமே இல்லாதுபோனால் எத்தனை மணித்தியாலத்தில் வேலை மீளத் தொடங்கவேண்டும்? கடைசியாக எத்தனை நேரத்துப் பதிவை இழந்தாலும் தாங்கலாம்? ஒரு பிரதியேனும் வலைத்தொடர்பு அற்று, வேற்றூரில் இருக்குமா? இவ்வினாக்களை முதலிற் கேட்டு, விடையைக் கொண்டே கருவியைத் தெரிதல் வேண்டும். வலையோடு பிணைந்த பிரதி தீக்குத் தப்பினாலும் கொள்ளையனுக்குத் தப்பாது. மிகக் குறைந்த விலைமனு எது என்று பார்ப்பவர்கள், பிரதியிலிருந்து கோப்புக்களை மீட்டுக் காட்டும் ஒத்திகைக்கும் ஒரு விலையைச் சேர்த்துக் கேட்டால், வரிசை சிலவேளை மாறிவிடக்கூடும். அவ்வொத்திகையை ஆண்டுக்கு இருமுறை, வழங்குநரும் திணைக்களத்தாரும் ஒருங்கே நின்று நடத்த வேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்திற் சேர்ப்பதற்குப் பெரும் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை.

இதனை எழுதத் தொடங்கிய அன்று மாலை, மாணவரின் தவணைப் புள்ளிகளைப் பிரதி செய்து மேசை இழுப்பறையில் வைத்திருந்த சிறு நினைவுக் குச்சியை எடுத்து, கணினியிற் செருகிப் பார்த்தேன். முதலாந் தவணை இருந்தது. இரண்டாந் தவணையும் இருந்தது. மூன்றாந் தவணையைக் காணவில்லை. நல்லவேளை, கையெழுத்துப் பதிவேடு அதிபரின் அலுமாரியில் இருக்கிறது.