வெட்டி எடுத்த சதை சொல்லும் சேதி



மலத்தில் ரத்தம் போனால் "மூலம்தான்"னு விட்டுவிடுகிறோம். சிலருக்கு அது பெருங்குடல் புற்றுநோயாக இருக்கலாம். ஸ்ரீரங்கம், திருச்சி பகுதி உறுப்பினர்கள் புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் காட்டலாம்.

ஆபரேஷனில் எடுத்த குடல் பகுதியைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். நோய் திரும்ப வர வாய்ப்பு எவ்வளவு, மேற்கொண்டு மருந்து ஏற்றணுமா என்று டாக்டர் முடிவு செய்ய அந்த ரிப்போர்ட் உதவும். அதில் பார்ப்பவை:

1. கட்டி குடல் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது?

2. பக்கத்து நெறிக்கட்டிகளில் பரவியிருக்கிறதா? குறைந்தது 12 நெறிக்கட்டிகளைப் பார்ப்பது நல்லது.

3. மரபணுப் பிழையைத் திருத்தும் 4 எம்.எம்.ஆர். புரதங்களும் இருக்கின்றனவா? இரண்டாம் கட்ட நோயில் இவற்றில் ஒன்று இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம். நோய் திரும்பும் வாய்ப்பு பொதுவாகக் குறைவுதான். ஆனால் சில குடும்பங்களில் இது பரம்பரையாக வரும். கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகளுக்கும் சோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அந்தச் சதையை மெழுகுக் கட்டியில் பதித்து லேபில் வைத்திருப்பார்கள். பின்னாளில் புது டெஸ்ட் எடுக்க அது உதவும். அதனால் ரிப்போர்ட்டையும் அதிலுள்ள நம்பரையும் குழு பாஸ் புத்தகம் மாதிரி பத்திரமாக வையுங்கள்!